பதினோராம் நாள்

கருப்பூர் தாண்டி, வெள்ளைக்கல் குழிகளுக்கு எதிரே
எங்கள் எலிக்கூடம்.
ஜன்னல் கிடையாது.
பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு இருட்டு.
வெளியே சேலம் நாற்பது டிகிரியில் வெந்தாலும்
எலிகளுக்கு நிரந்தர ஏற்காடு.

வெள்ளை எலியின் முதுகில்
கறுப்பு எலியின் தோல்,
சட்டைப் பொத்தான் அகலம்.
தைத்து, கட்டுப் போட்டு,
ஏழாம் நாள் அவிழ்ப்பேன்.
முதலில் எல்லாம் பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும்,
இளஞ்சிவப்பாய், ஈரமாய்,
முதல் பந்தியில் எல்லோருக்கும் இலை இருப்பதுபோல.
ஒன்பதில் ஓரம் கறுக்கும்.
பதினொன்றில் புளியங்கொட்டைத் தோலாய்க் காய்ந்து
மரத்தூளில் கிடக்கும்.
நோட்டில் எழுதுவேன்: நிராகரிப்பு, நாள் 11.
எலிக்குக் கோபம் ஒன்றுமில்லை.
தீனி தின்னும், மூக்கைத் துடைத்துக்கொள்ளும்.
சண்டையெல்லாம் உள்ளே,
அதற்கே தெரியாமல்.

நாற்பத்தேழு வேறு.
பிறந்து இருபது மணி நேரம்,
கண் திறக்கவில்லை, மயிர் இல்லை,
தோல் போகாத வேர்க்கடலை நிறம்.
அப்போதே கறுப்பு எலியின் செல்களை
அதற்குள் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.
நெஞ்சுக்கூட்டில் தைமஸ் என்றொரு சுரப்பி
அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறக்கிறதாம்,
யார் நாம், யார் அவர்கள் என்று சொல்லித்தர.
முதல் வகுப்பிலேயே அந்நியனையும் உட்கார வைத்துவிட்டால்
வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்.
பெனிலா மேடம் சொன்னது.
தைத்து இன்று எழுபதாம் நாள்.
கறுப்பு மயிர் செழித்திருக்கிறது.

சாது என்று நினைக்க வேண்டாம்.
சோதிக்க, பக்கத்திலேயே பழுப்பு எலியின் தோலும் தைத்தோம்.
பத்தே நாளில் உதறிவிட்டது.
அதற்குப் பழக்கம்
ஒரே ஒருவனோடுதான்.

இரவு எட்டு மணிக்கு எடை போடுவேன்.
அதே எட்டுக்கு அம்மாப்பேட்டையில்
என் அண்ணன் செங்கோட்டுவேலின் செல்போன் அடிக்கும்.
காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை.
அவன் அடிவயிற்றில், வலது பக்கம்,
என் இடது சிறுநீரகம்
நாலு வருஷமாய் விடுப்பெடுக்காமல் வேலை பார்க்கிறது.
மதலைமுத்துவை நான் கட்டிக்கொண்டது
அதற்கு அடுத்த வருஷம்.
அதோடு அந்த வாசல் முடிந்தது.
என்னில் நூற்றைம்பது கிராம் மட்டும்
அங்கே சாப்பிடுகிறது, தூங்குகிறது,
ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போகிறது.

மனுஷனுக்கு எப்போது மேடம், என்று கேட்டேன்,
மாத்திரை இல்லாமல்?
குரங்கிலேயே தடுமாறுகிறது என்றார்.
எலி சுத்தமான கூண்டில் வளர்கிறது, ஞாபகம் குறைவு.
நமக்கு, என்றைக்கோ வந்துபோன காய்ச்சல்கூட
சாட்சி சொல்ல எழுந்து வரும்.

மதலைமுத்து நர்சரி வைத்திருக்கிறான்,
அயோத்தியாப்பட்டணத்தில், மல்கோவா ஒட்டுக்கன்று.
இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறான்:
எனக்கு ஒரு கீறல், ஒரு பிளாஸ்டிக் நாடா.
பிடித்தால் பிடித்ததுதான்.
பிடிக்காமல் கருகியவற்றை
அவன் எண்ணுவதில்லை.

நூறாம் நாள் நாற்பத்தேழைக் கொல்ல வேண்டும்.
திட்டை மெழுகில் புதைத்து, மெல்லிசாய்ச் சீவி,
உண்மையிலேயே சமாதானமா என்று
கண்ணாடிக்கு அடியில் பார்க்க.
வாயுவைத் திறப்பதும் நான்தான்.

கையில் எடுத்தேன். இருபத்தாறு கிராம்.
தைக்கும்போது தோலைத் தலைகீழாய்த் திருப்பி வைப்போம்,
வந்தது எது என்று
பின்னால் தெரிய வேண்டுமே.
மற்ற மயிரெல்லாம் வாலை நோக்கிப் படியும்,
அது மட்டும் தலையை நோக்கி.
ஒரு விரலால் நீவிவிட்டேன்.
வெள்ளை படிந்தால் கறுப்பு நிமிர்கிறது.
கறுப்பைப் படியவைத்தால் வெள்ளை.
அது என் விரலை முகர்ந்துகொண்டு சும்மா இருந்தது.

மணி எட்டு இருபது.
மாத்திரை போட்டிருப்பான்.